"ஆய்வில் நிரூபித்தது" என்று யாராவது சொன்னால்: ஓட்டிசம் பற்றிய அரச ஆய்வுகளைக் கொழும்பில் இருந்தபடி தேடிப் பார்ப்பது எப்படி

மகனுக்கு ஓட்டிசம் என்று டொக்டர் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை, சொந்தக்காரர் ஒருவர் நல்ல இடம் என்றார் என்று ஓரிடத்துக்குப் போனோம். இடத்தின் பெயர் வேண்டாம். நல்ல ஏசி, சுவர் நிறையச் சான்றிதழ்கள், மேசையில் ஒரு போட்டோகொப்பி. "அமெரிக்க கவர்ன்மென்டே ஆராய்ஞ்சு நிரூபிச்சது" என்று அந்தத் தாளை எங்கள் பக்கம் தள்ளினார்கள். ஒரு சாதனத்தை வைத்துச் செய்கிற சிகிச்சை, ஆறு மாதத்துக்கு நாலரை இலட்சம், பாதியை அன்றைக்கே கட்டவேண்டும். இவர் காசோலைப் புத்தகத்தை வெளியே எடுத்தேவிட்டார். நான் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு "நாளைக்குச் சொல்றம்" என்று எழும்பினேன். பெரிய கெட்டித்தனம் ஒன்றுமில்லை, மகன் அங்கிருந்த மீன்தொட்டியைத் தட்டித் தட்டிக் கத்தத் தொடங்கிவிட்டான், அதனால்தான்.

வீட்டுக்கு வந்து, அவன் நித்திரையான பிறகு வாசித்தால் ஆய்வில் இருந்தது பன்னிரண்டு பிள்ளைகள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிள்ளைகள் இல்லை. காசு கொடுத்தது அந்தச் சாதனத்தை விற்கிற கம்பனி. அமெரிக்க அரசு எங்கே வருகிறது என்று கடைசிப் பக்கம்வரை தேடினேன். எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறார், அவ்வளவுதான் அரசு.

மகனுக்கு இப்போது ஒன்பது வயது. நான் டொக்டர் இல்லை, வெள்ளவத்தையில் குடியிருந்து கோட்டையில் வேலைக்குப் போய்வருகிற ஒரு அம்மா. ஆனால் இந்த ஆறு வருடத்தில் அப்படிப்பட்ட தாள்களை வாசிக்கப் பழகிவிட்டேன். புதிதாக இந்தப் பாதைக்கு வருகிறவர்கள் போன் எடுத்து அக்கா, எங்கே தொடங்குவது என்று கேட்கும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்து, கையில் ஒரு போன் இருந்தால் போதும்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்று. முதல் பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதுங்கள், ஒரே ஒரு கேள்வி. "ஓட்டிசம் குணமாகுமா" என்று எழுதினால் இணையம் உங்களை விழுங்கிவிடும், விற்கிறவர்கள் எல்லாரும் அந்தக் கேள்விக்குத்தான் வலை விரித்துக் காத்திருக்கிறார்கள். "மூன்று வயது, இன்னும் பேச்சு வரவில்லை, நாங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய எந்தப் பயிற்சி மற்றப் பிள்ளைகளுக்குப் பலன் தந்திருக்கிறது" என்று வயது, பிரச்சினை, என்ன செய்யப்போகிறோம் என்ற மூன்றும் வருகிற மாதிரி எழுதுங்கள். நான் முதல் எழுதியது "ஏன் எனக்கு" என்பதுதான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் தொடங்கினேன்.

காசு யாருடையது என்று பாருங்கள்

உலகத்தில் ஓட்டிசம் ஆய்வுக்கு அரசுப் பணம் அதிகமாகப் போகிற இடம் அமெரிக்கா. 2000ஆம் ஆண்டில் வந்த சிறுவர் சுகாதாரச் சட்டமும் 2006இல் ஓட்டிசத்துக்கென்றே வந்த சட்டமும் அதற்கு அடித்தளம். அந்தச் சட்டத்தைச் சில வருடங்களுக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறார்கள், கடைசியாக 2024 டிசம்பரில், ஐந்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட 2 பில்லியன் டொலர் என்று. அது முழுவதும் ஆய்வுக்கு இல்லை, கணக்கெடுப்பும் பயிற்சியும் சேர்த்துத்தான். பணத்தைப் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் என்.ஐ.எச். என்கிற தேசிய சுகாதார நிறுவகங்கள், எத்தனை பிள்ளைகளுக்கு ஓட்டிசம் என்று எண்ணுவது சி.டி.சி. என்கிற நோய்க் கட்டுப்பாட்டு மையம். இந்தப் பணத்தில் பெரும்பங்கு மூளை, மரபணு, உயிரியல் பக்கம்தான் போகிறது. வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை எங்கே வேலை செய்யும், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்குப் போவது சொற்பம். அங்கேயுள்ள பெற்றோரும் ஓட்டிசம் உள்ள பெரியவர்களும் இதைப் பல வருடமாகச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கும் அதே கோபம்தான், ஆனால் அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

பிரித்தானியாவில் மருத்துவ ஆராய்ச்சிச் சபை. ஐரோப்பாவில் 2012இல் தொடங்கிய ஈ.யு-எய்ம்ஸ் மாதிரித் திட்டங்கள், அதில் அரசுப் பணத்தோடு மருந்துக் கம்பனிகளும் சேர்ந்திருக்கின்றன, ஆகவே "ஐரோப்பிய அரசு ஆய்வு" என்று யாராவது சொன்னால் பாதிதான் சரி. இலங்கையில் தேசிய ஆராய்ச்சிச் சபை, தேசிய விஞ்ஞான மன்றம், அப்புறம் பல்கலைக்கழகங்கள் தங்கள் விரிவுரையாளர்களுக்குக் கொடுக்கும் சிறிய தொகைகள்.

அரசுப் பணம் என்பதால் ஆய்வு சரியாகிவிடாது, தனியார் பணம் என்பதால் பொய்யாகியும் விடாது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு செய்த பாஸ் என்ற நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது, சாதாரண சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குப் பழக்கிவிடலாமா என்று பார்த்தது. அதற்குக் காசு கொடுத்தது ஒரு தொண்டு அமைப்பு. நம்மைப் போன்ற நாடுகளுக்கு அதைவிடப் பொருத்தமான ஆய்வு குறைவு. அரசுப் பணத்தில் எனக்குப் பிடித்தது வேறு: கணக்கைக் காட்டியே ஆகவேண்டும், நாம் போய் எட்டிப் பார்க்கலாம்.

எட்டிப் பார்க்கிற ஜன்னல்கள்

நான்கு இடங்கள். நான்கும் இலவசம்.

என்.ஐ.எச். ரிப்போர்ட்டர் என்று கூகுளில் ஆங்கிலத்தில் அடித்தால் முதலிலேயே வரும். அதில் ஆய்வாளரின் பெயரையோ "ஓட்டிசம்" என்ற சொல்லையோ ஆங்கிலத்தில் போட்டால், எந்தப் பல்கலைக்கழகத்தில் யாருக்கு எந்த வருடம் எத்தனை டொலர் கொடுத்தார்கள், எதற்கு என்று ஒரு பந்தியில் வரும். உங்களிடம் தந்த தாளின் கடைசியில் சின்ன எழுத்தில் ஆர்01 என்றோ பி50 என்றோ தொடங்குகிற ஒரு இலக்கம் இருந்தால், அதை அப்படியே இங்கே போட்டுப் பாருங்கள். அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடியே இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பேன்.

இரண்டாவது கிளினிக்கல்ட்ரையல்ஸ் டொட் கவ். 2000இலிருந்து இருக்கிற பதிவேடு, மருந்தோ பயிற்சியோ மனிதர்களில் பரிசோதிக்கும் ஆய்வுகள் இதில் இருக்கும். இலங்கைக்கும் ஒன்று உண்டு, இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு, 2006இல் இலங்கை மருத்துவ சங்கம் தொடங்கியது, உலக சுகாதார ஸ்தாபனத்தின் பதிவேட்டு வலையமைப்பில் இருக்கிறது. "கொழும்பில் எங்கள் சிகிச்சையைப் பரிசோதிக்கிறோம், நீங்களும் சேரலாம்" என்று யாராவது கூப்பிட்டால், முதலில் பதிவு இலக்கத்தைக் கேட்டு இங்கே பாருங்கள். இலக்கம் இல்லை, இனித்தான் எடுக்கவேண்டும் என்றால், எடுத்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பதிவேட்டில் பார்க்கவேண்டியது ஒரே ஒரு வரி. எதை வைத்து வெற்றியா தோல்வியா என்று முடிவு பண்ணுவார்கள் என்று தொடங்கும் முன்னே எழுதிவைத்திருப்பார்கள், பிரதான அளவீடு என்று. பேச்சு என்று எழுதிவிட்டு, கடைசியில் "நித்திரை நன்றாக வந்தது" என்று கட்டுரை வந்தால், வில்லை வளைத்து அம்பு விட்டபிறகு அது விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது பப்மெட், கட்டுரைகளின் சுருக்கம் எல்லாம் அங்கே. என்.ஐ.எச். பணத்தில் வந்த கட்டுரைகளை முழுதாகவும் இலவசமாகவும் பப்மெட் சென்ட்ரல் என்ற பகுதியில் போடவேண்டும் என்பது 2008இலிருந்து விதி. முன்பு ஒரு வருடம்வரை பூட்டிவைக்க விட்டார்கள், 2025 ஜூலையிலிருந்து அதுவும் இல்லை, வெளிவந்த உடனேயே போடவேண்டும். ஆகவே வாசிக்க நாற்பது டொலர் கேட்டால் அட்டையை எடுக்கும்முன் அங்கே ஒரு தடவை தேடுங்கள். நான்காவது ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன், நம் நாட்டுச் சஞ்சிகைகள், சிறுவர் சுகாதாரச் சஞ்சிகை உட்பட.

வாசிக்கிற விதம்

மேலிருந்து கீழாக வாசிக்காதீர்கள், தலை சுற்றும். முதலில் எத்தனை பிள்ளைகள், எத்தனை வயது. அப்புறம் யாரோடு ஒப்பிட்டார்கள், இரண்டு குழுவாகப் பிரித்தது எழுமாறாகவா, அதாவது சீட்டுக் குலுக்குகிற மாதிரியா. அப்புறம் யார் பார்த்து மதிப்பெண் போட்டது, பெற்றோரா, எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று தெரியாத வேறொருவரா. கடைசிப் பக்கத்தில் காசு. இந்த நான்கையும் கொப்பியில் எழுதிவிட்டு மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

யார் மதிப்பெண் போட்டது என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால் செக்ரெட்டின் கதை. குடலில் சுரக்கிற ஒரு ஹோர்மோன் அது. 1998இல் மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப் பரிசோதனைக்காக அதை ஏற்றியபோது பேச்சும் பார்வையும் கூடியதாக ஒரு கட்டுரை வந்தது. மூன்றே பிள்ளைகள். தொலைக்காட்சியில் செய்தி வந்ததும் அமெரிக்கா முழுக்கப் பெற்றோர் அந்த ஊசிக்கு வரிசையில் நின்றார்கள். அடுத்த வருடம் 60 பிள்ளைகளை எடுத்து, ஒரு பாதிக்கு செக்ரெட்டின், மறுபாதிக்கு வெற்று ஊசி, எது யாருக்கு என்று பெற்றோருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் முன்னேற்றம்! வெற்று ஊசி போட்ட பிள்ளைகளின் பெற்றோரும் பிள்ளையில் முன்னேற்றம் தெரிகிறது என்றுதான் எழுதியிருந்தார்கள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்க அரசுப் பணத்திலும் வேறு பணத்திலும் தொடர்ந்து ஆய்வுகள் நடந்தன, 2012இல் 16 ஆய்வுகளைச் சேர்த்து, 900க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தபோதும் அதே முடிவு.

அந்த 60 பிள்ளைகளின் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது, அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். மருந்தால் பலன் இல்லை என்று முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதமான பெற்றோர் அந்த மருந்தில் இன்னும் ஆர்வமாகத்தான் இருந்தார்களாம். எனக்கு அவர்கள்மேல் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மகன் கத்தாமல் இருந்திருந்தால் நாங்களும் காசைக் கட்டிவிட்டு, ஆறு மாதத்தில் "முன்னேற்றம் தெரியுது" என்றுதான் சொல்லியிருப்போம். ஆறு மாதத்தில் எந்தப் பிள்ளையும் கொஞ்சமாவது வளரும்தானே.

ஒக்சிடோசின் என்ற இன்னொரு ஹோர்மோனும் அதே மாதிரி. சின்னச் சின்ன ஆய்வுகளில் நம்பிக்கை தந்தது. பிறகு என்.ஐ.எச். பணத்தில் 3 முதல் 17 வயதுவரை 290 பிள்ளைகளைச் சேர்த்து, 24 வாரம் தினமும் மூக்கில் அடிக்கிற மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது, வெற்று மருந்தைவிட ஒன்றும் கூடுதலில்லை. இப்படி "இல்லை" என்று வருகிற முடிவுக்குச் செலவழிக்க விற்கிறவனுக்கு என்ன தேவை இருக்கிறது. அரசுப் பணம் இல்லாவிட்டால் இப்படியான ஆய்வுகளில் பாதி நடந்தே இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

ஆய்வைத் தொடங்காமலே நிறுத்தியதும் உண்டு. உடம்பிலுள்ள உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று சொல்லிச் செய்கிற கீலேஷன், அதை இன்றைக்கும் போன் செய்திகளில் அனுப்புகிறார்கள். 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று அந்தச் சிகிச்சையின்போது இறந்துபோனது. அங்கேயுள்ள மனநல நிறுவகம் அதைப் பரிசோதிக்கத் திட்டம் போட்டு, எலிகளில் அந்த மருந்து மூளைக்குக் கெடுதல் செய்ததாக முடிவு வந்த பிறகு, 2008இல் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம், பலனுக்கு ஆதாரம் இல்லை என்று கைவிட்டது. யாராவது இதைச் செய்யச் சொன்னால் அங்கே நிற்காதீர்கள்.

பலன் தந்ததும் இருக்கிறது, ஆனால் மெதுவாக, சின்ன எழுத்தில். பக்ட் என்கிற ஆய்வு, பிரித்தானிய அரசுப் பணத்தில், 2 முதல் 5 வயதுக்குள்ளான 152 பிள்ளைகள். அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோரோடு சேர்ந்திருந்து போட்டுப் பார்த்து, "இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்க்கிறான், அப்போது நீங்கள் பொம்மையை எடுத்துவிட்டீர்கள்" என்று காட்டுவார்கள். 2010இல் வந்த முதல் முடிவில் பிரதான அளவீட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. விட்டுவிடவில்லை, ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து 121 பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தார்கள், 2016இல் வந்த முடிவில் பயிற்சி பெற்ற குழுவில் அறிகுறிகளின் கடுமை குறைந்திருந்தது. குணமாகவில்லை, குறைந்திருந்தது. நாங்கள் வீட்டில் போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்து இதைச் செய்து பார்த்தோம். முதல் வீடியோவில் பத்து நிமிடத்தில் நான் நாற்பத்தொரு கேள்வி கேட்டிருக்கிறேன், "இது என்ன, இது என்ன நிறம், சொல்லு, சொல்லு". அவன் இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தான், இரண்டு தடவையும் நான் கீழே குனிந்து அடுத்த படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பனடோல் பிரச்சினை

2025 செப்டெம்பர் 22, அமெரிக்க ஜனாதிபதியே கர்ப்பிணிகள் பரசிட்டமோல் எடுக்கவேண்டாம் என்று ஓட்டிசத்தோடு சேர்த்துச் சொன்னார். அடுத்த நாளே எனக்கு மூன்று அழைப்புகள். ஒரு தங்கச்சி அழுதுகொண்டு, "அக்கா, இவன் வயித்தில இருக்கேக்க காய்ச்சலுக்கு நான் பனடோல் போட்டனான், அதாலயோ?" என்று கேட்டாள். நம் ஊரில் பனடோல் போடாத கர்ப்பிணி யார்.

இதுதான் கொப்பியை எடுக்கவேண்டிய நேரம். 2024இல் வந்த சுவீடன் ஆய்வு, 24 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், 1995 முதல் 2019 வரை பிறந்தவர்கள். பணம் கொடுத்தது அமெரிக்காவின் அதே என்.ஐ.எச். சாதாரணமாகப் பார்த்தால், மருந்து எடுத்த அம்மாமாரின் பிள்ளைகளில் ஓட்டிசம் மிகச் சிறிய அளவில் கூடுதல்தான். ஆனால் ஒரே அம்மாவின் இரண்டு பிள்ளைகளை, ஒரு கர்ப்பத்தில் மருந்து எடுத்தவர் மறு கர்ப்பத்தில் எடுக்காதவர் என்று ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதாவது வித்தியாசம் மாத்திரையில் இல்லை, மாத்திரை எடுக்கவைத்த காய்ச்சல், வலி, குடும்பத்தில் ஓடுகிற மரபணு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கவேண்டும். உலக சுகாதார ஸ்தாபனமும் இரண்டு நாளில், தொடர்புக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டது. அரசு மேடையில் சொல்வது ஒன்று, அரசுப் பணத்தில் செய்த ஆய்வு சொல்வது இன்னொன்று, மேடையும் பணமும் ஒரே நாட்டினுடையவை. அந்தத் தங்கச்சிக்கு இதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு "அப்ப நான் ஒண்டும் செய்யேல்லையோ" என்றாள்.

தடுப்பூசி பற்றியும் கேட்பீர்கள், சுருக்கமாக முடிக்கிறேன். சின்னமுத்துக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998இல் வந்த கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் சஞ்சிகையே 2010இல் மீளப்பெற்றுவிட்டது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைப் பார்த்து 2019இல் வந்த ஆய்வில் தொடர்பு எதுவும் இல்லை. பிள்ளையின் கிளினிக் அட்டையில் உள்ளபடி ஊசியைப் போடுங்கள்.

இலங்கைக் கணக்கு

93இல் ஒரு பிள்ளைக்கு ஓட்டிசம் என்று இங்கே கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு அரை நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாதம்வரையான 374 பிள்ளைகள். 1.07 சதவீதம். கணக்குப் போடுங்கள், 374இல் 1.07 சதவீதம் என்றால் நான்கு. நான்கே நான்கு பிள்ளைகள். ஒரு பிள்ளை கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ எண் வேறாகியிருக்கும். ஆய்வில் பிழை இல்லை, முதல் அடி அது, மரியாதையோடுதான் சொல்கிறேன். நான்கு பிள்ளைகளின் கணக்கை இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு அப்படியே தூக்கி வைக்கிறவர்களிடம்தான் என் சண்டை.

அதே கட்டுரையில் இன்னொரு எண், அதை யாரும் சொல்வதில்லை. எம்-சாட் என்ற கேள்வித்தாளை அம்மாமாரிடம் கொடுத்து நிரப்பச் சொன்னபோது, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் 25 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. நான்கில் ஒன்று. ஏன் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் கேட்டார், "பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா?" மாமி உள்ளேயிருந்து, "ஓ, எல்லாம் செய்வான், அப்பனைப் போலக் கொஞ்சம் அமைதி" என்றார். நானும் தலையை ஆட்டினேன். கேள்விக்குப் பதில் சொல்வது அம்மா மட்டும் இல்லையே, வீடு முழுக்கச் சேர்ந்துதானே சொல்கிறது. பேராசிரியர் பெரேராவின் குழுவினர்தான் பிறகு படங்களைக் காட்டிக் கேட்கிற ஒரு முறையையும் உருவாக்கினார்கள். அம்மா வீட்டில் செய்யும் ஆரம்பப் பயிற்சி பற்றி 2016இல் அவர்கள் எழுதிய கட்டுரையும் முழுதாக இலவசம், வாசியுங்கள். ஆனால் அது எழுமாறாகப் பிரித்த ஆய்வு இல்லை என்பதைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 31இல் ஒன்று என்பது 2022ஆம் ஆண்டுக்கான கணக்கு, 16 இடங்களில் எட்டு வயதுப் பிள்ளைகளின் மருத்துவ, பாடசாலைப் பதிவுகளைப் புரட்டி எடுத்தது. அதே ஆய்வில் கலிபோர்னியாவில் ஓரிடத்தில் 19இல் ஒன்று, டெக்சஸில் லாரேடோ என்ற ஊரில் 103இல் ஒன்று. காற்றும் தண்ணீரும் அவ்வளவு மாறுமா? தேடுகிறவர்களும் கிளினிக்கும் இருக்கிற இடத்தில் கூடுதலாகக் கிடைக்கும், அது பெரிய காரணம்.

உங்கள் பிள்ளையை ஆய்வில் சேர்க்கச் சொன்னால்

பொரளையில் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைப் பக்கமோ பல்கலைக்கழக கிளினிக்குகளிலோ காத்திருக்கும்போது சிலவேளை ஒரு மாணவ டொக்டர் வந்து, ஆய்வு ஒன்று செய்கிறோம், சேர்கிறீர்களா என்று கேட்பார். பயப்படவேண்டாம். நாங்கள் இரண்டு தடவை சேர்ந்தோம், ஒரு தடவை மறுத்தோம்.

மறுத்த கதையைச் சொல்கிறேன். ஆறு பக்கப் படிவம், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். தமிழில் இல்லையா என்றேன், "கையெழுத்து மட்டும்தானே மிஸ்" என்றார் அந்தப் பையன், நல்ல பையன்தான், அவசரம். நான் இருந்து வாசித்தேன். நாலாம் பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி, ஏற்கெனவே சரி போட்டிருந்தது: மகனின் இரத்த மாதிரியை எதிர்கால ஆய்வுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த ஆய்வு, எந்த நாட்டில், எத்தனை வருடம், ஒன்றும் இல்லை. என் பிள்ளையின் இரத்தத்துக்கு எனக்கு முன்னே யாரோ சரி போட்டிருக்கிறார்கள். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். இவர் வீடு வரும்வரை என்னோடு கதைக்கவில்லை, டொக்டர் கோபித்தால் கிளினிக் கிடைக்காமல் போய்விடுமே என்ற பயம். அடுத்த மாதமும் அதே கிளினிக், அதே டொக்டர், ஒன்றும் மாறவில்லை.

ஆகவே கேட்கவேண்டியவை இவை, வெட்கப்படாமல் கேளுங்கள். தமிழ்ப் படிவம் இருக்கிறதா, இல்லையென்றால் தமிழில் விளக்க ஆள் வருவாரா. எந்தப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதித்தது, அனுமதி இலக்கம் என்ன, கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் என்றால் கின்சி வீதியில்தான் அந்தக் குழு, போய்க் கேட்கலாம். பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா, அது எழுத்தில் இருக்கிறதா. ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் இப்போது நடக்கிற ஸ்பீச் தெரபியை நிறுத்தவேண்டுமா. வீடியோவை யார் பார்ப்பார்கள். இரத்தமோ எச்சிலோ எடுத்தால் நாட்டுக்கு வெளியே போகிறதா. பஸ் காசு தருவார்களா, ஏனென்றால் வத்தளையிலிருந்து பிள்ளையை த்ரீவீலில் கொண்டுவந்து திரும்ப அழைத்துப்போக என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. படிவத்தின் பிரதி ஒன்றை வாங்காமல் எழும்பாதீர்கள். பணம் கட்டச் சொன்னால் அது ஆய்வு இல்லை, கடை.

முடிவு வந்ததும் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவீர்களா என்று சேரும்போதே கேட்டு வையுங்கள். நாங்கள் சேர்ந்த முதல் ஆய்வின் முடிவு எங்களுக்குக் கடைசிவரை வரவில்லை. இரண்டாவதில் கேட்டோம், அந்த டொக்டர் பிள்ளை கையாலேயே எழுதித் தந்தார்.

கேட்டும் பதில் வராவிட்டால்

தேசிய ஆராய்ச்சிச் சபை, தேசிய விஞ்ஞான மன்றம், பல்கலைக்கழகங்கள் எல்லாம் பொது அதிகார சபைகள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவற்றுக்கும் பொருந்தும். ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் பதில் சொல்லவேண்டும். மறுத்தால் முதலில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலர், அப்புறம் ஆணைக்குழு. மற்றப் பிள்ளைகளின் மருத்துவ விபரத்தைக் கேட்காதீர்கள், தரமாட்டார்கள், தரவும் கூடாது.

கடிதத்தைச் சின்னதாக எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி பின்வரும் தகவல்களைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்று: கடந்த ஐந்து ஆண்டுகளில் சிறுவர் ஓட்டிசம் தொடர்பாக உங்கள் நிறுவனம் நிதி வழங்கிய ஆய்வுகளின் தலைப்பு, தொகை, முதன்மை ஆய்வாளரின் பெயர். இரண்டு: அவற்றில் முடிவடைந்தவை எவை, முடிவுகள் எங்கே வெளியாகின. மூன்று: அந்த ஆய்வுகளில் தமிழ் மொழியில் சம்மதப் படிவம் பயன்படுத்தப்பட்டவை எவை."

கீழே பெயர், விலாசம், போன் இலக்கம், திகதி. நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒன்று வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால். அந்தத் துண்டைக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டிவிட்டு, பதினான்காவது வேலை நாள் எது என்று நாட்காட்டியில் வட்டம் போடுங்கள், போயா நாட்களைக் கழித்துவிட்டு எண்ணவேண்டும்.